டிரைவர் எங்கே படுப்பார்?

மதுரை ரயில் நிலையத்தைச் சுற்றி "பார்க்கிங் வசதி உண்டு" என்று போர்டு மாட்டியிருக்கும் சாதாரண லாட்ஜுகளில் பல பொய் சொல்கின்றன. கடுமையான வார்த்தைதான். ஆயுள் முழுக்க அரசுக் கோப்பில் "பரிசீலிக்கலாம்" என்று எழுதியே பழகியவன் இன்னும் மென்மையாகச் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அந்த போர்டுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? வாசலில் தெரு இருக்கிறது. தெருவில் இடம் கிடைத்தால் நிறுத்திக்கொள்ளலாம். போலீஸ்காரர் வந்தால் எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். மாநகராட்சியின் தெருவைத் தன் கட்டடத்தோடு சேர்த்துக் கணக்குக் காட்டி வாடகை வாங்குவது ஒரு வசதியா?

சென்ற தை மாதம் என் அக்கா மகன் காரைக்காலிலிருந்து வேன் பிடித்து வந்தான். மொத்தம் பன்னிரண்டு பேர், அதில் மூன்று பேர் எழுபதைத் தாண்டியவர்கள். மீனாட்சியம்மன் கோயில், மறுநாள் ராமேஸ்வரம். என் வீடு இரண்டு அறை வீடு, பன்னிரண்டு பேரைத் தாங்காது. ஏழெட்டு லாட்ஜுக்குப் போன் செய்தேன். வேன் நிறுத்த இடம் உண்டு என்று சொன்ன இடங்களில் வாடகை எங்களுக்குக் கட்டவில்லை. வாடகை கட்டிய இடங்களில் "ரூம் இருக்கு சார், வண்டிக்குத்தான்..." என்று இழுத்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் "அதெல்லாம் இருக்கு சார், வாங்க" என்றார். பெயர் வேண்டாம். அந்தத் தெருவில் அவர் ஒருவர் மட்டுமா அப்படி?

இரவு பத்து மணிக்கு வேன் வந்தது. ரிசப்ஷனில் இருந்தவர் எதிர்வரிசையில் பூட்டியிருந்த கடை வாசலைக் காட்டி, "காலைல ஆறு மணிக்கு முன்னாடி எடுத்துடணும்" என்றார். டிரைவர் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். குளிக்க எங்கே போவது என்று என்னைத்தான் கேட்டார். ரூம்பாய் குறுக்கே விழுந்து, "டிரைவருக்கு ரூம்ல அனுமதி இல்லை" என்றான். எங்கள் ரூமிலேயே ஓரமாகப் படுக்கட்டும் என்றேன். அதற்குத் தனிக் கட்டணமாம். "நான் கட்டுகிறேன் மாமா" என்று அக்கா மகன் பர்ஸை எடுத்தான். அதற்குள் அந்தத் தம்பி, "வேண்டாம் ஐயா, வண்டியைத் தனியா விட முடியாது, நான் வேன்லயே படுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ராத்திரியில் இரண்டு தடவை எழுப்பி வண்டியை நகர்த்தச் சொல்லியிருக்கிறார்கள். மீதி நேரம் கொசு.

காலையில் அவர்தான் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரத்துக்குக் கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர் ஓட்டினார். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அவர்கள் போன் வரும்வரை எனக்குக் காப்பி இறங்கவில்லை. கார்த்திகை, மார்கழியில் எத்தனை ஐயப்பன்மார் வேன்கள் இந்த ஊர் வழியாகப் போகின்றன! அத்தனையும் ஓட்டுபவர்கள் முந்தின ராத்திரி எங்கே தூங்கினார்கள் என்று யாராவது கேட்கிறோமா?

லாட்ஜ்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்துத்தான் வெளி வீதிகள் வந்தன. அந்த வேலையை நடத்தியவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக அமைந்த தெருக்கள், தேரும் மனிதரும் நடக்கப் போட்டவை. அங்கே பழைய கட்டடத்தில் லாட்ஜ் நடத்துகிறவர் வேனுக்கு இடம் எங்கிருந்து கொண்டுவருவார்? கொண்டுவரச் சொல்லவில்லை. இல்லாததை இருக்கிறது என்று சொல்லாதீர்கள் என்கிறேன்.

"கார் வைத்திருப்பவனுக்கு மலிவு லாட்ஜ் எதற்கு?" என்று என் நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் கேட்கிறார். பன்னிரண்டு பேர் பங்கு போட்டு வேன் பிடித்தால் பணக்காரர்களா? முழங்கால் வலிக்கும் கிழவிகளை எத்தனை பஸ் மாற்றி ஏற்றி இறக்குவது? மலிவு அறையை அரசாங்கமும் விட்டுவைக்கவில்லை. 1000 ரூபாய்க்குக் கீழான அறைக்கு இல்லாதிருந்த ஜி.எஸ்.டி., 2022 ஜூலை 18-இல் 12 விழுக்காடாக வந்து உட்கார்ந்தது. 2025 செப்டம்பரில் 5 ஆகக் குறைத்தார்கள்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பழைய பிரெஞ்சு விடுதிகளின் வாசலில் எழுதியிருக்கும் ஒரு வாசகத்தை எங்கள் ஆசிரியர் சொல்லியிருக்கிறார்: "இங்கே நடந்து வருவோரும் குதிரையில் வருவோரும் தங்கலாம்." குதிரைக்கு லாயமும் தீவனமும் விடுதிக்காரர் பொறுப்பு. நம் ஊருக்கு அது புதிதா? ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் இன்றும் சத்திரம் நிற்கிறது. சாலை போட்டு, மரம் வைத்து, சத்திரமும் கட்டிய காலத்தில் வண்டியும் மாடும் வண்டிக்காரரும் சேர்ந்துதான் ஒரு பயணி. மேலூர்ப் பக்கமிருந்தும் உசிலம்பட்டிப் பக்கமிருந்தும் அழகரைப் பார்க்க வந்த கூண்டு வண்டிகள் மாட்டை அவிழ்த்துக் கட்டி, பக்கத்திலேயே அடுப்பு மூட்டின. வண்டிக்காரரும் அதே சோற்றைத்தான் சாப்பிட்டார்.

2023 ஜூனில் தமிழக அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களும் லாட்ஜுகளும் டிரைவர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் குளியலறையும் தர வேண்டும் என்றது. வளாகத்திலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் 250 மீட்டருக்குள். கார் நிறுத்தும் இடங்களின் எண்ணிக்கையை வைத்துப் படுக்கைக்குக் கணக்கு. படித்தவுடன் கை தட்டினேன். பிறகு கிளார்க் புத்தி விழித்துக்கொண்டது. கார் நிறுத்த இடமே இல்லாத லாட்ஜுக்கு எத்தனை படுக்கை? பூஜ்யம் இடத்துக்குப் பூஜ்யம் படுக்கை. அதாவது எந்த லாட்ஜ் வாசலில் டிரைவர் மிகவும் அவதிப்படுகிறாரோ, அந்த லாட்ஜுக்கு அவரைப் பற்றி ஒரு கடமையும் இல்லை! படுக்கையை அறைகளின் எண்ணிக்கைக்குக் கணக்கிட்டிருக்க வேண்டும். இப்போதும் திருத்தலாம்.

வடக்கு ஆவணி மூல வீதியில் ஸ்மார்ட் சிட்டி பணத்தில் அடுக்கு மாடி வாகன நிறுத்தம் கட்டினார்கள். காருக்கு மாடி வீடு. அதை ஓட்டி வந்தவர் கால் நீட்டப் பக்கத்தில் ஒரு பாய் கூட இல்லை.

நான் கேட்பது பெரிய செலவில்லை. மாட்டுத்தாவணி என்ற பெயருக்கே மாட்டுச் சந்தை என்றுதான் பொருள், ஒரு காலத்தில் மாடு கட்டிய இடம். அங்கேயும், உத்தங்குடியிலிருந்து கப்பலூர் போகும் சுற்றுச்சாலை ஓரத்திலும் மாநகராட்சி எளிய விடுதிகள் கட்டட்டும். வேன் நிற்கக் களம், குடும்பத்துக்கு அறை, டிரைவருக்குக் கட்டில், கோயிலுக்குப் போய்வர மினி பஸ். வீதிகளுக்குள் நெரிசலும் குறையும்.

அதுவரை, உறவுக்காரர்கள் வருகிறார்கள் என்று லாட்ஜுக்குப் போன் செய்யும்போது, "பார்க்கிங் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "உங்க காம்பவுண்டுக்குள்ளே எத்தனை வண்டி நிற்கும்? டிரைவர் எங்கே படுப்பார், எங்கே குளிப்பார்?" என்று கேளுங்கள். "வாங்க சார், பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் அடுத்த நம்பரைப் போடுங்கள்.