பட்டை போட்டா பலம் கூடுமா?

அமெரிக்காவுல பிக்கப் வண்டிக்குப் பின்னாடி ஒரு வீட்டையே மாட்டி ஊர் சுத்தறாங்க மக்களே. அந்த இணைப்புக்குப் பேரு ஃபிப்த் வீல். நம்ம சங்ககிரி பக்கம் ஓடற டிரெய்லர் லாரியில இருக்கற அதே சமாச்சாரம்தான். பின்னச்சுக்கு மேல ஒரு தட்டு, அதுல டிரெய்லரோட கிங்பின் வந்து பூட்டிக்கும். பூட்டினப்புறம் டிரெய்லர் சமமா நிக்கணும். மூக்கு தூக்கினா டிரெய்லரோட பின்பக்க டயருங்க அதிக பாரம் சுமக்கும். அதனால பிக்கப்போட உயரத்தை அளந்து பார்த்துத்தான் மாத்துவாங்க.

இது நமக்குப் புதுசு இல்லீங்க. மாட்டு வண்டியில முன்பாரம் ஏறினா மாட்டுக் கழுத்து நசுங்கும், பின்பாரம் ஏறினா நுகம் தூக்கிக் கயிறு இறுக்கும். பாரம் ஏத்தத் தெரிஞ்ச ஊரு இது!

ஆனா இப்ப நம்ம ஊர்ல பிக்கப்புக்கு என்ன பண்றோம்? லோடு ஏத்தினா பின்னாடி உக்காருதா, ரெண்டு பட்டை சேர்த்துப் போடு. வண்டி நிமிர்ந்துடுச்சு, இன்னும் அரை டன் ஏத்து. இங்கதான் எனக்கு உடன்பாடு இல்லை.

பட்டை தாங்கறது உயரத்தை மட்டும்தான். அச்சு, பேரிங், டயர், பிரேக் எல்லாம் கம்பெனியில இருந்து வந்த அதே சாமான். வண்டி உக்காரறது "போதும்டா"ன்னு அது சொல்ற பாஷை. நாம அதோட வாயைக் கட்டிடறோம்.

இதைவிட மோசமான விஷயம் ஒண்ணு இருக்கு. பல பிக்கப்புல பின்னச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஒரு கம்பி, அதோட ஒரு வால்வு இருக்கும். பின்பக்கம் தாழ்ந்தா "லோடு இருக்கு"ன்னு பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். உயர்ந்தா "காலி வண்டி"ன்னு குறைக்கும். பட்டை போட்டு நிமிர்த்தினா, முழு லோடு இருக்கும்போதே வால்வு வண்டி காலின்னு நம்பிடும். முன் பிரேக் மட்டும் தனியா மல்லுக்கட்டிச் சூடாகும். தாளவாடியில இருந்து காய்கறி ஏத்திட்டு திம்பம் மலைப்பாதையோட 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கற வண்டிக்கு இது விளையாட்டு இல்லை.

காலியா வரும்போது வேற தொல்லை. இறுகின பட்டை குழியில துள்ளும், ஈர ரோட்டுல பின்சக்கரம் பிடிப்பு விடும்.

"டியூ யாரு கட்டுவா? ரெண்டு நடை அடிச்சா டீசலுக்கே பத்தாது"ம்பாங்க வண்டிக்காரங்க. நியாயமான கேள்வி. அதனால என் கோபம் அவங்க மேல மட்டும் இல்லை. ஒரே நடையில முடிக்கச் சொல்ற சரக்குக்காரர் எங்க? 2019 திருத்தத்துக்கு அப்புறம் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆவது பிரிவுல, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேல 2,000. ஓட்டறவருக்கு மட்டும் இல்லை, ஓட்ட வைக்கறவருக்கும் அது பொருந்தும். ரெண்டாவது பாதியையும் கொஞ்சம் ஞாபகம் வெச்சா நல்லது.

கட்டாயம் பட்டை போட்டே ஆகணும்னா, அந்த வால்வுக் கம்பியையும் ஹெட்லைட்டையும் சேர்த்துச் சரி பண்ணச் சொல்லுங்க. ஏத்தற எடையை ஆர்.சி. புத்தகத்துல இருக்கற எடைக்குள்ளயே வெச்சுக்கங்க. எடைமேடைச் சீட்டு வாங்க ஆகற காசு, ஒரு டயர் விலையில தூசு.

நீங்க என்ன சொல்றீங்க? வீட்டுல பிக்கப் ஓட்டறவங்க இருந்தா கேட்டுட்டு வந்து சண்டை போடுங்க :-)