சத்தம் வந்தாலே இன்ஜினை இறக்கணுமா?

பழைய மாருதி 800-ல் சத்தம் என்று போய் நின்றால், பானெட்டைத் திறக்கும் முன்பே "இன்ஜின் இறக்கணும் சார்" என்று ஆரம்பித்து விடுகிறார்கள் சில மெக்கானிக்குகள். வவுச்சரையே பார்க்காமல் பேலன்ஸ் ஷீட் போடுகிற மாதிரி! (காமர்ஸ் புத்தி, மன்னிக்கவும்.) நீளமான ஸ்க்ரூடிரைவரை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்க என்ன சோம்பல்?

மக்களே, முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயிலைப் பாருங்கள். மேலே வால்வு மூடிப் பக்கம் சன்னமாக 'டிக் டிக்' என்றால் பெரும்பாலும் டேப்பெட்தான். கேம் ஷாஃப்ட் இன்ஜின் வேகத்தில் பாதிதான் சுற்றும், இந்தச் சத்தமும் அதே பாதி வேகத்தில் வரும். இடைவெளியைச் சரிசெய்தால் முடிந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்' என்றால் பெல்ட். கீழிருந்து கனமாக, ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க 'டொக் டொக்' என்று இடிக்கிறதா? அது பேரிங். உடனே வண்டியை நிறுத்துங்கள். இன்ஜினை இறக்குகிற பேச்சை அப்போது பேசட்டும்.