அம்மாவுக்கு ஐபோன் வாங்கிக் கொடுக்கச் சொன்னவர்

2022 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு தொழில்நுட்ப மாநாடு. ஆப்பிள் தலைமை நிர்வாகி டிம் குக்கிடம் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார்: தன் அம்மாவிடம் ஐபோன் இல்லை, தான் அனுப்பும் சில வீடியோக்கள் அவருக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை. குக்கின் பதில் ஒரே வரி. உங்கள் அம்மாவுக்கு ஒரு ஐபோன் வாங்கிக் கொடுங்கள்.

அதே மாதம் இந்தியாவில் இறங்கிய ஐபோன் 14-ன் தொடக்க விலை 79,900 ரூபாய். வடசென்னை டோல்கேட்டிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீபெரும்புதூரில் அதைப் பூட்டத் தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். பூட்டிய பெண்ணின் அம்மா என்ன போன் வைத்திருக்கிறார் என்று குக்கிடம் யாரும் கேட்கவில்லை.

குக்காவது தன் சரக்கை விற்கச் சொன்னார், அது வியாபாரியின் வாய். எனக்கு எரிச்சல் மூட்டுவது அதே வரியைப் பொருளாதாரச் சாத்திரம்போல ஓதும் நம்மூர் ஆட்கள். டிவி விவாதத்தில் கோட் போட்டவர் சொல்கிறார். வணிகப் பக்கத்தில் கட்டுரையாளர் எழுதுகிறார். டோல்கேட் மெட்ரோ வாசலில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க நிற்கும் தம்பியும் சொல்கிறான்: "பிடிக்கலன்னா வேற வாங்கிக்க வேண்டியதுதான? யாரு உன்னைக் கட்டாயப்படுத்துனா?" இதற்கு நுகர்வோர் சுதந்திரம் என்று பெயர். பூட்டி வைத்தால்தான் பாதுகாப்பு, கட்டியவன் வாடகை கேட்கத்தான் செய்வான், போட்டிக்கு யாரும் தடை போடவில்லை, மீறினால் சட்டம் இருக்கிறது என்று துணைக்குச் சில வாதங்களும் மடியில் இருக்கும்.

முதலில் அந்த 'வேற'. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஏதாவது ஒரு போன் கடைக்குள் போய் நில்லுங்கள். விவோ, ஓப்போ, ரெட்மி, ரியல்மி, சாம்சங் என்று சுவர் முழுக்கப் பெயர். எதை எடுத்துத் திறந்தாலும் உள்ளே அதே பிளே ஸ்டோர், அதே கல்லாப்பெட்டி. இந்தியாவில் புழங்கும் ஸ்மார்ட்போன்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆண்ட்ராய்டு, மிச்சம் ஐபோன். மூன்றாவது என்று ஒன்று இல்லை. வாங்குபவரை விடுங்கள், 2022-ல் போன் செய்பவருக்கே தேர்வு இருக்கவில்லை. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் மற்ற செயலிகளையும் மூட்டையாக ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த ஏற்பாட்டுக்காகத்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அடுத்த மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்தத் தொகையில் ஒரு பைசா குறைக்கவில்லை.

பாதுகாப்பு வாதத்துக்கு ஒரு பத்தி போதும். காண்டாக்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் மார்பிங் படம் அனுப்புவோம் என்று மிரட்டிய கடன் செயலிகளை மறந்திருக்க மாட்டீர்கள். அவை சுவர் ஏறிக் குதித்து மட்டும் வரவில்லை, காவல் போட்ட வாசல் வழியாகவும் கூட்டமாக வந்தன. 2021 ஏப்ரலுக்கும் 2022 ஜூலைக்கும் இடையில் 2,500-க்கும் மேற்பட்ட கடன் செயலிகளை கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியதாக நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. நீக்கியதற்குப் பாராட்டுகள். உள்ளே விட்டது யார்?

'தரம்' என்பது இதன் தங்கச்சி வாதம். டோல்கேட் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் ஐபோன் 11-க்கு டிஸ்ப்ளே மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். போட்டது டூப்ளிகேட் இல்லை. தண்ணீரில் விழுந்து போர்டு செத்துப்போன இன்னொரு ஐபோன் 11-லிருந்து கழற்றிய கம்பெனி டிஸ்ப்ளே. மாட்டியதும் படம் பளிச்சென்று வந்தது. கூடவே, இது அசல் ஆப்பிள் டிஸ்ப்ளேதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று ஓர் எச்சரிக்கையும் வந்தது. சுற்று வெளிச்சத்துக்கேற்ப திரையின் நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் காணவில்லை. பையன் அலட்டிக்கொள்ளவில்லை. பழைய டிஸ்ப்ளேயை ஒரு சின்ன புரோகிராமர் பெட்டியில் சொருகி, அதிலிருந்ததைப் படித்து, இதில் எழுதினான். ட்ரூ டோன் திரும்பிவிட்டது, எச்சரிக்கை அப்படியே நின்றது. "மெசேஜும் போவணும்னா பழைய டிஸ்ப்ளேல கீற ஐசியைத் தூக்கி இதுல வெக்கணும்ணா. ஹாட் ஏர் வேலை. தனி காசு ஆவும்." எடுத்துக் காட்டினான். நகக்கண் அளவுகூட இல்லை. அந்தப் போனும் ஆப்பிள், இந்த டிஸ்ப்ளேயும் ஆப்பிள். ஆனால் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை என்று சாதிக்கின்றன. கழற்றிய அசல் பாகங்களை ஏற்றுக்கொள்ள வழி செய்கிறோம், ஐபோன் 15 முதல் தொடங்கும் என்று 2024 ஏப்ரலில் ஆப்பிளே அறிவித்தது. முடியாமல் இல்லை, மனம் இல்லாமல்தான் இருந்திருக்கிறது.

இனி வாடகை. கடையைக் கட்டியவன் காசு கேட்டால் என்ன தப்பு என்பதுதான் எதிர்த்தரப்பின் பிரம்மாஸ்திரம். இதற்கு நம் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார். பாரத் மேட்ரிமோனி முருகவேல் ஜானகிராமன் ராயபுரத்தில் வளர்ந்தவர். பிளே ஸ்டோர் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இணையத்தில் வரன் பார்க்கத் தமிழ்க் குடும்பங்களைப் பழக்கியவர். அவரை ஏழை என்று நான் சொல்லவில்லை. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி அது. அதனால்தான் இந்த உதாரணம். அவருக்கே இந்தக் கதி.

செயலிக்குள் விற்கும் டிஜிட்டல் சேவைக்கு 2022-ல் கூகுளின் கமிஷன் ஆண்டுக்கு முதல் பத்து லட்சம் டாலர் வரை 15 சதவீதம், அதற்கு மேல் 30. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தாவுக்கு 15. அதுவும் கூகுளின் பில்லிங் வழியாகத்தான் பணம் வாங்க வேண்டும் என்று விதி இருந்தது. யுபிஐயில் பணம் வாங்கும் வியாபாரிக்கு 2020 ஜனவரியிலிருந்து கட்டணமே கிடையாது என்று வைத்திருக்கும் நாட்டில் இது நடந்தது. 2022 அக்டோபர் 25 அன்று போட்டி ஆணையம், வேறு வழியிலும் பணம் வாங்க விடு என்று உத்தரவிட்டு, 936.44 கோடி ரூபாய் அபராதமும் போட்டது. கூகுள் பணிந்தது. பணிந்த அழகைப் பாருங்கள்: தாராளமாக உங்கள் சொந்த வழியில் பணம் வாங்கிக்கொள்ளுங்கள், கமிஷனில் 4 மட்டும் கழித்துக்கொள்கிறோம். 30 என்பது 26 ஆயிற்று, 15 என்பது 11 ஆயிற்று. பணம் அவர்கள் கல்லாவைத் தொடவே இல்லை, ஆனாலும் பங்கு உண்டு. காசிமேட்டில் மீன் எடுத்து வருகிற அம்மா தன் வீட்டு வாசலில் கூடை வைத்து விற்றாலும் நூற்றுக்கு 26 என்னிடம் வை என்று ஒருவன் வந்து நின்றால், அவனை வடசென்னையில் வீட்டுக்காரர் என்று யாரும் கூப்பிடுவதில்லை.

இதை எதிர்த்து முருகவேலின் கம்பெனியும் வேறு சில கம்பெனிகளும் சென்னை உயர் நீதிமன்றம் போயின. இது போட்டி ஆணையத்தின் வேலை என்று 2023 ஆகஸ்டில் வழக்குகள் தள்ளுபடி. 2024 ஜனவரியில் டிவிஷன் பெஞ்சும் அதையே சொன்னது. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தரவில்லை. மார்ச் 1, வெள்ளிக்கிழமை, பாரத் மேட்ரிமோனி, கிறிஸ்டியன் மேட்ரிமோனி, முஸ்லிம் மேட்ரிமோனி, ஜோடி எல்லாம் பிளே ஸ்டோரிலிருந்து காணாமல் போயின. நவுக்ரி, ஷாதி போன்றவையும்தான். இந்திய இணையத்துக்கு இது ஓர் இருண்ட நாள் என்றார் முருகவேல். ஒன்றிய அமைச்சர் தலையிட்டு, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, மார்ச் 5-ம் தேதிதான் நீக்கிய எல்லாச் செயலிகளையும் திரும்ப வைக்க கூகுள் சம்மதித்தது. பெண்ணுக்கு வரன் தேடும் தண்டையார்பேட்டை அப்பாவின் போனில் ஒரு செயலி இருக்கலாமா கூடாதா என்பதைத் தீர்க்க தில்லியில் அமைச்சர் உட்கார வேண்டியிருந்தது. அந்த அப்பாவுக்கு இதில் எந்தப் பொத்தானை அழுத்தும் உரிமை இருந்தது?

அப்போது கூகுள் தரப்பில் ஒரு கணக்கு காட்டினார்கள். இந்தியாவில் தங்கள் கடையில் இருக்கும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட செயலி உருவாக்குநர்களில் 3 சதவீதம் பேர்தான் கட்டணமே கட்ட வேண்டியவர்கள் என்றார்கள். ஆகா. மீதி 97 சதவீதம் பேர் செயலிக்குள் டிஜிட்டல் சரக்கு எதையும் விற்பதில்லை, அதனால் கட்டுவதில்லை. விற்கிற அன்றைக்கு அவர்களும் இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள்.

'போட்டிக்கு யார் தடை?' போன்பே கம்பெனி 2024 பிப்ரவரி 21-ல், சரியாக அந்தக் கலாட்டாவுக்கு முந்தைய வாரம், இண்டஸ் ஆப்ஸ்டோர் என்று சொந்தக் கடையே திறந்தது. தமிழ் உட்படப் பன்னிரண்டு இந்திய மொழிகளில் புழங்கலாம். நல்ல முயற்சி. ஆனால் இன்னொரு கடையை பிளே ஸ்டோருக்குள் வைக்கக் கூடாது என்பது பிளே ஸ்டோர் விதி. ஆகவே, போனோடு வராதபோது இணையதளத்துக்குப் போய்க் கோப்பை இறக்க வேண்டும். இறக்கும்போது, இது உங்கள் போனுக்குக் கேடாக முடியலாம் என்று ஆண்ட்ராய்டு பயமுறுத்தும். கடன் செயலியை இறக்கும்போது காட்டாத அக்கறை இது. இத்தனையையும் தாண்டி அங்கே போக எந்த அம்மாவுக்குப் பொறுமை இருக்கும்?

சட்டம் இருக்கிறதாம். மேட்ரிமோனி கம்பெனி கூகுள் தேடல்மீது 2012-ல் கொடுத்த புகாருக்குத் தீர்ப்பு வந்தது 2018-ல். மேலே சொன்ன 936.44 கோடி, 2025-ல் மேல்முறையீட்டில் 216.69 கோடி ஆனது.

ஒரு காலத்தில் செல்போன் கம்பெனிகளும் இதே பாட்டைத்தான் பாடின. சிக்னல் சரியில்லையா, வேறு சிம் வாங்கிக்கொள். பத்து வருஷமாக ஊருக்கெல்லாம் கொடுத்த நம்பரை விட்டுவிட்டுப் போ என்பது அதன் உள்ளர்த்தம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க நம்பரோடு மாறலாம் என்று வந்தது. 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ், அப்போது கட்டணம் 19 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. எந்தக் கம்பெனியும் மனமுவந்து கொடுக்கவில்லை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி போட்டு வாங்கியது. அதே டிராய், எந்தக் கேபிள்காரரிடம் போனாலும் ஒரே செட்டாப் பாக்ஸ் வேலை செய்ய வேண்டும் என்று 2020 ஏப்ரலில் பரிந்துரை செய்தது. பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்கிறது, பழைய பாக்ஸ்கள் பரணில் கிடக்கின்றன.

செயலிகளைத் தூக்கிய அதே 2024 மார்ச்சில், ஒன்றிய அரசின் குழு ஒன்று டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவை வெளியிட்டது. ஒரு கோடிப் பயனாளர்களும் அதற்கேற்ற வருவாயும் உள்ள பெரிய கம்பெனிகள், தங்கள் சரக்குக்கே முன்னுரிமை தருவதையும் வேறு செயலியைத் தடுப்பதையும் முன்கூட்டியே தடைசெய்வதுதான் அதன் சாரம். உடனே புதுமை செத்துவிடும், முதலீடு ஓடிவிடும் என்று தொழில் சங்கங்கள் ஒப்பாரி வைத்தன. அது இன்னும் சட்டமாகவில்லை.