ரெண்டு பெட்டி... ரெண்டு பதில்!

கண்ணைக் கட்டிக்கொண்டு காலேஜ் பஸ்ஸில் உட்காருங்கள். கிளம்பிய இடம் தெரியும். பஸ் எப்போது வேகமெடுத்தது, எப்போது பிரேக் போட்டது, எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது... எல்லாவற்றையும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தால், 'இப்ப நாம இங்கேதான் இருக்கோம்' என்று கரெக்டாகச் சொல்லிவிடலாம் இல்லையா? நம்மால் நாலு திருப்பம்கூடத் தாங்காது பாஸ்! விமானத்தில் இருக்கும் ஐ.ஆர்.எஸ். என்ற பெட்டி இந்த வேலையைத்தான் மணிக்கணக்கில் செய்கிறது.

இனர்ஷியல் ரெஃபரன்ஸ் சிஸ்டம். உள்ளே லேசர் கைரோக்கள், ஆக்ஸிலரோமீட்டர்கள். கிளம்பும் முன் 'நீ நிற்பது இங்கே' என்று அட்சரேகை, தீர்க்கரேகையை ஊட்டிவிட்டால் போதும். அப்புறம் தரையிலிருந்து எந்த சிக்னலும் வேண்டாம். இருக்கும் இடம் மட்டுமல்ல, விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மூக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பைலட்டின் திரைக்குச் சொல்வதும் இதே பெட்டிதான். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வில்லங்கமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆடம் ஏர். இந்தோனேஷியாவில் மலிவு விலை டிக்கெட் விற்ற கம்பெனி. 2006 பிப்ரவரியில் ஜகார்த்தாவிலிருந்து மக்காசர் கிளம்பிய இவர்களின் போயிங் 737 ஒன்றுக்கு, வழிகாட்டும் கருவிகள் நடுவானில் மக்கர் செய்தன. மணிக்கணக்கில் அலைந்துவிட்டு, கடைசியில் சும்பா தீவின் தம்போலகா என்ற குட்டி ஏர்போர்ட்டில் போய் இறங்கியது. போக வேண்டிய ஊர் எங்கோ, இறங்கிய ஊர் எங்கோ! யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைவிடச் சத்தமாக ஒரு எச்சரிக்கை மணி அடிக்க முடியுமா?

2007 ஜனவரி 1. சுரபயாவிலிருந்து மனாடோவுக்கு ஆடம் ஏர் 574 கிளம்பியது. போயிங் 737-400. மொத்தம் 102 பேர். 35,000 அடி உயரம், பக்கவாட்டில் பலமான காற்று, ஆட்டோ பைலட் ஓட்டிக்கொண்டிருக்கிறது. ஐ.ஆர்.எஸ். பெட்டிகள் இரண்டும் ஆளுக்கு ஒரு பதில் சொல்கின்றன. எது நிஜம், எது டூப்? பைலட்கள் இருவருமே அதைத்தான் குடைய ஆரம்பித்தார்கள். கடைசி 13 நிமிடமாவது இதே வேலைதான் என்கிறது விசாரணை அறிக்கை.

அப்புறம் வலது பக்கப் பெட்டியின் சுவிட்சை 'நேவ்' மோடிலிருந்து 'ஆட்டிட்யூட்' மோடுக்குத் திருப்பினார்கள். அப்படித் திருப்பினால் ஆட்டோ பைலட் கழன்றுவிடும். அந்தப் பெட்டி மறுபடி செட்டாகும் வரை 30 செகண்ட் விமானத்தை ஆடாமல் அசையாமல் நேராகப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்க ஆளில்லை. விமானம் மெ...து...வா...க வலது பக்கம் சாய ஆரம்பித்தது. ரொம்ப மெதுவாகச் சாய்ந்தால் நம் காதுக்குள் இருக்கும் பேலன்ஸ் மெஷினுக்கு அது தெரியவே தெரியாது. வெளியே அடிவானமும் தெரியாவிட்டால், உடம்பு 'நேராத்தான் போறோம்'னு சத்தியம் பண்ணும்! 'பேங்க் ஆங்கிள்' என்று எச்சரிக்கைக் குரல் கத்தியபிறகும் இருவரும் சுதாரிக்கவில்லை. சாய்வு 100 டிகிரியைத் தாண்டியது. மூக்கு 60 டிகிரி கீழே போனது. இறக்கையை நிமிர்த்தாமலே மூக்கை இழுத்துத் தூக்கப் பார்த்தார்கள். அந்த வேகத்தை உடல் தாங்காமல் விமானம் உடைந்தது.

ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இதில் இன்னொரு கொடுமை... 'உடைந்த விமானம் காட்டில் கிடைத்துவிட்டது, 12 பேர் உயிரோடு இருக்கிறார்கள்' என்று மறுநாள் அதிகாரிகளே அறிவித்து, அப்புறம் அது பொய் என்று ஆனது. வாசலில் காத்துக்கிடந்த சொந்தக்காரர்களை நினைத்துப் பாருங்கள். கறுப்புப் பெட்டிகள் சுமார் 2,000 மீட்டர் ஆழத்துக் கடலடியிலிருந்து வெளியே வந்தது ஆகஸ்ட் கடைசியில்தான்.

பைலட்கள்தான் குற்றவாளி என்று ஃபைலை மூடிவிடலாமா? அவசரப்படாதீர்கள். 2006 அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மூன்றே மாதத்தில், அந்த விமானத்தில் ஐ.ஆர்.எஸ். சம்பந்தமாகத் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகள் 154! ஒவ்வொரு தடவையும் என்ன வைத்தியம்? பெட்டியைக் கழற்றி மாட்டு, இடதை வலதுக்கு மாற்று, கனெக்‌ஷனைத் துடை. நம்ம லேபில் ஆசிலாஸ்கோப் மண்டையில் ஒரு தட்டு தட்டி, 'சார், ரீடிங் வந்துருச்சு!' என்போமே... அதே ட்ரீட்மென்ட்! கோளாறின் வேரை யாரும் தேடவில்லை. அந்த பைலட்களுக்கோ, தாறுமாறாகச் சாய்ந்த விமானத்தை நிமிர்த்தும் பயிற்சியையே கம்பெனி கொடுத்திருக்கவில்லை.

ஒரு சின்னக் கோளாறையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்து விமானத்தைத் தவறவிட்டது இது முதல் தடவையும் இல்லை. 1972 டிசம்பரில், எரியாத ஒரு சின்ன இண்டிகேட்டர் பல்பில் மொத்த காக்பிட்டும் மூழ்கியிருந்தபோது, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 ஃப்ளோரிடாவின் சதுப்பு நிலத்தில் விழுந்தது. விமானத்தை ஓட்டுவதற்கென்றே ஒருவர், கோளாறைக் கவனிக்க இன்னொருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளும் பழக்கம் பல ஏர்லைன்ஸில் அதற்குப் பிறகு ஊறிப்போனது. 34 வருஷம் கழித்தும் அது மக்காசர் ஜலசந்திக்கு மேலே எட்டியிருக்கவில்லை.

விசாரணை அறிக்கை 2008 மார்ச்சில் வெளியானது. ஜூனில் ஆடம் ஏரின் லைசென்ஸ் ரத்து.