கொடுப்பவர் கணக்குப் பார்க்கக் கூடாதா?

மத்திய உள்துறை அமைச்சகத்தின் எப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) இணையதளத்திலிருந்து தொண்டு நிறுவனங்களின் ஆண்டுக் கணக்குகளும், உரிமம் ரத்தான நிறுவனங்களின் பட்டியலும் 2022 ஜூலை மாதம் அகற்றப்பட்டன. அப்போது அங்கே மிஞ்சியவை மொத்த எண்ணிக்கைகள் மட்டுமே. ஏன் இந்த முடிவு என்பதற்கு முறையான அறிவிப்பு வெளியாகவில்லை. பொதுமக்கள் பார்வைக்குத் தேவையில்லாத தகவல்கள் என்று அதிகாரிகள் வட்டாரத்தில் காரணம் சொல்லப்பட்டதாகச் செய்திகள் வந்தன. தேவையில்லை என்று யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள்? பணம் கொடுக்கும் மக்களைக் கேட்டார்களா?

ஒவ்வொரு வெள்ளத்துக்கும் புயலுக்கும் பிறகு, 'போலி அமைப்புகளிடம் ஏமாறாதீர்கள், விசாரித்துவிட்டு நன்கொடை கொடுங்கள்' என்று அறிவுரை வருகிறது. நல்ல அறிவுரைதான். ஆனால் ஒரு சாதாரணக் குடும்பம் எங்கே போய் விசாரிக்கும்? ரசீதில் வருமான வரிச் சலுகைக்கான 80ஜி பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். பான் எண்ணின் நான்காவது எழுத்தைப் பார்க்கலாம். அது அறக்கட்டளைக்கு 'டி', தனிநபருக்கு 'பி'. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது அமைப்பின் பெயர் வருகிறதா, யாரோ ஒருவரின் சொந்தப் பெயர் வருகிறதா என்று கவனிக்கலாம். நிதி ஆயோக்கின் 'தர்பண்' தளத்தில் தேடலாம். அதில் இருப்பதோ அமைப்புகள் தாங்களே எழுதிக் கொடுத்த விவரம். இவையெல்லாம் அந்த நிறுவனம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. வாங்கிய பணத்தை என்ன செய்தது என்று இவற்றில் எதுவும் சொல்லாது.

அதைச் சொன்னது எப்.சி.-4 என்ற ஆண்டுக் கணக்குப் படிவம். ஒரு நிறுவனத்தின் படிவத்தைத் திறந்தால் முந்தைய ஆண்டின் கையிருப்பு, வங்கி வட்டி, புதிதாக வந்த தொகை எல்லாம் தனித்தனியே இருக்கும். எந்த நாட்டிலிருந்து யார் எவ்வளவு கொடுத்தார்கள், கல்விக்கா, சமூகப் பணிக்கா, சமயப் பணிக்கா என்பது இருக்கும். திட்டத்துக்குச் செலவானது எவ்வளவு, நிர்வாகச் செலவு எவ்வளவு, வாங்கிய சொத்து என்ன என்பது இருக்கும். கீழே ஆடிட்டரின் சான்று இருக்கும். ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்கு என்று வந்த பணத்தில் கார் வாங்கியிருந்தால் அதையும் அந்தப் பக்கத்திலேயே கண்டுபிடிக்கலாம். ஐந்து ஆண்டுப் படிவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு நிறுவனத்தின் குணம் தெரிந்துவிடும். மனுப் போட வேண்டாம், கட்டணம் கட்ட வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். வெளிநாட்டுப் பணம் பற்றிய கணக்குதான். ஆனாலும் உள்ளூரில் நம் வாசலுக்கு வந்து நன்கொடை கேட்கும் பெரிய நிறுவனங்கள் பலவற்றின் நடத்தையை எடைபோட மக்களிடம் இருந்த ஒரே திறந்த ஏடு அதுதான்.

மற்ற எல்லாக் கதவுகளும் முன்பே அடைபட்டவை. அறக்கட்டளைகள் வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் கணக்கைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. சங்கமாகப் பதிவான அமைப்பென்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, நகலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் கணக்காவது ஒழுங்காகத் தாக்கலாகிறதா? நாடெங்கும் பதிவான சங்கங்களில் கணக்குத் தாக்கல் செய்பவை 10 சதவீதம்கூட இல்லை என்று 2015-ஆம் ஆண்டிலேயே சி.பி.ஐ. உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இந்த இருட்டில் எரிந்துகொண்டிருந்த ஒற்றை விளக்கை அணைத்திருக்கிறார்கள்.

ரத்துப் பட்டியலை எடுத்தது இதைவிட மோசம். 20,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் உரிமம் இதுவரை ரத்தாகியிருக்கிறது. எவை எவை என்று தெரிந்தால்தானே மக்கள் விலகி நிற்க முடியும்? சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ குடியுரிமை பெற்ற தமிழர் ஒருவர், தாத்தா படித்த கிராமத்துப் பள்ளியை நடத்தும் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்ப நினைக்கிறார். சட்டத்தின் கண்ணில் அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. அந்த அறக்கட்டளையின் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அவருக்குக் கைகொடுத்தது அந்தப் பட்டியல். தவறு செய்ததாக அரசே தீர்ப்பு எழுதிய நிறுவனத்தின் பெயரை அரசே மறைப்பது யாரைக் காப்பாற்ற?

'நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் கணக்கை வெளியிடலாமே' என்று சமாதானம் சொல்வது எடுபடாது. ஏமாற்ற நினைப்பவன் தன் தளத்தில் எதைப் போடுவான், எதை விடுவான் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கடமையையும்கூடத் தளர்த்திவிட்டார்கள். யாரிடமிருந்து எவ்வளவு வந்தது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் அறிவிக்க வேண்டும் என்ற விதியை 2022 ஜூலை 1-ஆம் தேதி அறிவிக்கையில் நீக்கினார்கள். அதே மாதத்தில் கணக்கும் பட்டியலும் மறைந்தன. இதைத் தற்செயல் என்று எப்படி ஏற்பது?

இந்தச் சட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்களின் பழைய நடத்தையையும் நாடு மறக்கவில்லை. 2020-இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். நாகர்கோவிலில் இயங்கும் அமைப்பானாலும் வெளிநாட்டு நன்கொடையைப் பெற தில்லி நாடாளுமன்றத் தெருவிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் கணக்குத் தொடங்க வேண்டும் என்றார்கள். பெரிய அமைப்புகள் தாங்கள் பெற்ற நிதியைச் சிறிய அமைப்புகளுக்குப் பகிரக் கூடாது என்றும் தடுத்தார்கள். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் மக்கள் ஆக்ஸிஜனுக்குத் தவித்தபோது, களத்தில் நின்ற சிறிய அமைப்புகளின் கை கட்டப்பட்டிருந்தது. அதே ஆண்டு, அன்னை தெரசா தொடங்கிய அமைப்பின் உரிமத்தைக் கிறிஸ்துமஸ் அன்று புதுப்பிக்க மறுத்தார்கள். உலகம் கண்டித்ததும் இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். மறுத்ததற்கும் கொடுத்ததற்கும் மக்களுக்குத் தெளிவான விளக்கம் தரவில்லை. புதுப்பித்தலுக்கான கெடுவை டிசம்பர், மார்ச், ஜூன், செப்டம்பர் என்று தள்ளிக்கொண்டே போனார்கள்.

கட்சிகள் விஷயத்தில் மட்டும் இவர்கள் காட்டிய தாராளத்துக்கு எல்லையே இல்லை. இரண்டு பெரிய கட்சிகள் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறியதாகத் தில்லி உயர் நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு 2016-லும் 2018-லும் நிதி மசோதாக்களுக்குள் திருத்தம் நுழைத்து, 1976 வரை பின்னோக்கிப் போய் அந்த மீறலையே இல்லாமல் செய்தார்கள். 2018-இல் மக்களவை அதை விவாதமின்றி நிறைவேற்றியது. அதே ஆண்டு, கொடுப்பவர் பெயரே மக்களுக்குத் தெரியாத தேர்தல் பத்திரம் வந்தது. 2020-இல் பேரிடரின் பெயரால் நாடு முழுவதும் திரட்டிய பி.எம். கேர்ஸ் நிதியைப் பற்றி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், அது பொது அதிகார அமைப்பே அல்ல என்று பதில் வந்தது. தங்கள் கைக்கு வரும் பணத்தின் கணக்கைக் காட்ட மறுப்பவர்கள், மற்றவர்கள் காட்டிய கணக்கையும் பறித்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

இதில் முதலில் அடிபடுவது நேர்மையான நிறுவனங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு வந்த நூற்றுக்கணக்கான அமைப்புகளில், கரையோரக் குப்பங்களில் தங்கி வீடு கட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கணக்கைத் தவிர வேறு வழி கிடையாது. கணக்கு மறைந்தால் சந்தேகம் எல்லோர் மீதும் விழும். உண்மையாக உழைப்பவருக்கும் பணம் நின்றுபோகும். நன்றாகப் பேசத் தெரிந்தவனும், கண்ணீர் வரவழைக்கும் வீடியோ எடுக்கத் தெரிந்தவனும் வசூலை அள்ளுவார்கள்.

பிரிட்டனில் அறநிறுவன ஆணையத்தின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். கணக்கைத் தாமதமாகக் கொடுத்தால் அதுவும் அங்கே பதிவாகும். அமெரிக்காவில் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களின் ஆண்டு அறிக்கை பொது ஆவணம். இந்தியாவிலும் அப்படி ஒரு வெளிப்படையான ஏற்பாடு வேண்டும் என்று கேட்க வேண்டிய காலத்தில், இருந்ததையே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டிருக்கிறோம். எப்படிச் செய்வார்களோ, எந்தத் துறையின் வழியாகச் செய்வார்களோ, அது அவர்கள் பொறுப்பு. மக்களின் பணம் எங்கே போகிறது என்பது மக்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அகற்றிய கணக்குகளும் பட்டியலும் உடனே திரும்பி வர வேண்டும். அகற்றியது ஏன் என்று அந்த முடிவை எடுத்தவர்கள் தங்கள் பெயரில் பதில் சொல்லியாக வேண்டும்.