அடிபட்ட பிறகு வரும் சம்பளம்



2023 ஜனவரி 2-ம் தேதி இரவு அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்ததை உங்களில் பலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, ஆளை ஆள் மோதிச் சாய்க்கும் அமெரிக்க ஃபுட்பால் மேட்ச் அது. பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின், பந்தோடு ஓடி வந்த எதிரணி வீரரைத் தடுத்து வீழ்த்தினார். எழுந்து நின்றார். அடுத்த நொடி அப்படியே பின்பக்கமாகச் சரிந்தார். 24 வயதுப் பிள்ளை. இதயம் நின்றுபோயிருந்தது.

மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி உயிரை மீட்டார்கள். மேட்ச் பார்க்க வந்திருந்த அம்மா, மகனோடு ஆம்புலன்ஸில் ஏறிப் போனார். ஹாம்லின் தேறி வந்து அடுத்த சீசனில் அதே அணிக்கு மறுபடியும் ஆடினார் என்பது எல்லோருக்கும் நிம்மதி தந்த செய்தி.

இந்த மாதம் நான் உங்களோடு பேச நினைப்பது, அதே வாரத்தில் அதிகம் பேர் கவனிக்காமல் நடந்த இன்னொரு விஷயம். அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருடைய சம்பளக் கணக்கு என்ன ஆயிற்று?

கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதில், ஹாம்லின் 2021-ல் ஆறாவது சுற்றில் தேர்வானவர். அதாவது, கல்லூரியிலிருந்து வரும்போதே நட்சத்திரமாக வந்தவர் இல்லை. இப்படிப் பின் சுற்றுகளில் வருகிறவர்களின் ஒப்பந்தத்தில் ‘ஸ்ப்ளிட்’ என்று ஒரு பிரிவு இருப்பது சகஜம். அணியில் இருக்கும்வரை ஒரு சம்பளம். அடிபட்டோர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் அன்றிலிருந்து குறைந்த சம்பளம். ஹாம்லினுக்கு அந்த வருடச் சம்பளம் 8,25,000 டாலர். பட்டியலுக்குப் போனால் வருடத்துக்கு 4,55,000 டாலர் என்ற கணக்கு. ஜனவரி 6-ம் தேதி அவர் பெயர் பட்டியலில் ஏறியது.

பிறகு இந்த ஆட்டத்தை நடத்தும் லீக்கும் வீரர்கள் சங்கமும் அணி நிர்வாகமும் பேசி, ஒப்பந்தத்தில் என்ன இருந்தாலும் முழுச் சம்பளம் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். சீசன் முடிய மிகக் குறைந்த நாட்களே இருந்ததால் வித்தியாசம் பெரிய தொகையும் இல்லை. நல்ல முடிவு, சந்தேகமே இல்லை.

ஆனால், அதற்கு ஒரு பேச்சுவார்த்தை ஏன் தேவைப்பட்டது? ஹாம்லின் விழுந்ததை நேரலையில் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். செப்டம்பர் மாதத்தில், பயிற்சியின்போது, கேமரா இல்லாத இடத்தில் முழங்கால் முறிந்த ஒரு பையனுக்கு யார் பேசியிருப்பார்கள்? அவனுக்கு முழு சீசனுக்கும் பாதிச் சம்பளம்தான் வந்திருக்கும். அவன் அம்மாவுக்கும் அந்தப் பணம்தானே வீட்டு வாடகை?

‘கோடிகளில் புரள்கிறவர்களுக்கு என்ன கஷ்டம்?’ என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 8 லட்சம் டாலர் அமெரிக்காவிலும் பெரிய பணம். ஆனால் அதை எத்தனை வருடம் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். ஒரு வீரரின் ஆட்டக் காலம் சராசரியாக 3.3 வருடம் என்று வீரர்கள் சங்கமே சொல்கிறது. வரி போக, ஏஜென்ட் கமிஷன் போக மிஞ்சுவதில்தான் அம்மாவுக்கு வீடு, தம்பி தங்கை படிப்பு, தன் எதிர்காலம் எல்லாம். 22 வயதில் வீட்டிலேயே அதிகம் சம்பாதிக்கிற ஆளாக ஆகிவிட்ட பிள்ளையிடம் எத்தனை பேர் எதிர்பார்ப்பார்கள் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பென்ஷன் உரிமை கிடைக்க மூன்று சீசன் கணக்கில் சேர வேண்டும். ஓய்வுக்குப் பிறகு ஐந்து வருட மருத்துவக் காப்பீட்டுக்கும் அதே மூன்று சீசன். ஹாம்லினுக்கு அது இரண்டாவது சீசன். அவர் இதயம் திரும்ப ஆட அனுமதிக்காமல் போயிருந்தால்?

செய்தித்தாளில் வரும் தொகைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘நான்கு வருடம், 5 கோடி டாலர்’ என்று தலைப்பு வரும். அந்த 5 கோடியில் ‘கியாரண்டி’ என்று எழுதப்பட்ட பகுதி மட்டும்தான் உறுதியான பணம். மீதி, அந்தந்த வருடம் அணியில் வைத்திருந்தால் கொடுப்பது. அணி நினைத்தால் நடுவில் விலக்கலாம். வீரர் நினைத்தால் நடுவில் போக முடியாது. பேஸ்பாலில் வழக்கம் வேறு. அங்கே கையெழுத்தான தொகை அநேகமாக முழுவதும் உறுதி. உடம்பு அதிகம் உடைகிற ஆட்டத்தில்தான் உறுதி குறைவு என்பது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

அடிபட்டால் என்ன நடக்கும்? ஆட்டத்திலோ அணியின் பயிற்சியிலோ அடிபட்டால், வைத்தியச் செலவு அணியுடையது. அந்த சீசனின் சம்பளமும் உண்டு, ஸ்ப்ளிட் பிரிவு இல்லாவிட்டால். அடுத்த சீசன் தொடங்கும்போதும் உடம்பு தேறவில்லை என்றால் அணி அவரை விடுவிக்கலாம். சில நிபந்தனைகளோடு அந்த வருடச் சம்பளத்தில் பாதி, அதுவும் ஓர் உச்சவரம்புக்குள் கிடைக்கும். சின்னக் காயம் என்றால் ‘செட்டில்மென்ட்’ போடுவார்கள். ஆறு வாரத்தில் குணமாகும் என்றால் ஆறு வாரச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது.

ஆறு வாரமா, பத்து வாரமா என்று முதலில் சொல்வது அணியின் டாக்டர். அணியின் செலவிலேயே வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கும் உரிமையும், தகராறு வந்தால் நடுநிலை டாக்டரிடம் போகும் உரிமையும் வீரருக்கு உண்டு. இதெல்லாம் சங்கம் போராடி வாங்கியது, மறுக்கக் கூடாது. ஆனால் நாளைக்கு இன்னொரு அணியில் வேலை கேட்டுப் போக வேண்டிய 23 வயதுப் பையன், இன்றைக்கு முதலாளியோடு வழக்காடத் துணிவானா?

அடிபட்ட இடம் எது என்பதும் முக்கியம். டென்வர் பிராங்கோஸ் அணியின் ஜாவான் ஜேம்ஸ் விஷயத்தைக் கேளுங்கள். 2019-ல் நான்கு வருடத்துக்கு 5 கோடியே 10 லட்சம் டாலர் ஒப்பந்தம். 2021 வசந்த காலத்தில் கொரோனா இன்னும் ஓயாத நேரம். ‘கட்டாயமில்லாத பயிற்சிகளுக்கு அணி மைதானத்துக்குப் போகாதீர்கள்’ என்று சங்கம் வீரர்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் வெளியே ஓரிடத்தில் பயிற்சி செய்தார். மே மாதம் குதிகாலின் பெரிய தசைநாண் கிழிந்துபோனது.

மைதானத்துக்கு வெளியே அடிபட்டால் அது ‘ஆட்டம் சாராத காயம்’. சம்பளம் கொடுக்கும் கடமை அணிக்கு இல்லை. அந்த வருடத்துக்கு உறுதியென்று நினைத்திருந்த கிட்டத்தட்ட 1 கோடி டாலர் போயிற்று. சில நாட்களில் அணியிலிருந்தும் விடுவித்துவிட்டார்கள். வெளியே அடிபட்டால் காசு கிடையாது என்று லீக் எல்லா அணிகளுக்கும் ஞாபகமூட்டி ஒரு குறிப்பும் அனுப்பியது. ஜேம்ஸ் முறையிட்டார், கடைசியில் சுமார் 11 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. அவர் ஸ்கீயிங் போகவில்லை, பைக் ரேஸ் ஓட்டவில்லை. அந்த அணிக்காக ஆடத்தான் உடம்பைத் தயார் செய்துகொண்டிருந்தார். வீட்டில் உட்கார்ந்து உடம்பை ஏற்றிக்கொண்டு வந்திருந்தால் அதற்கும் அபராதம் போடுவார்கள். உழைத்தது அணிக்காக என்றால், காயம் மட்டும் எப்படி அவர் சொந்தக் காயமாகும்?

இன்னொரு சம்பவம். சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் ஏர்ல் தாமஸ். அந்த அணி சாம்பியன் ஆனபோது முக்கியத் தூண். 2018-ல் ஒப்பந்தத்தின் கடைசி வருடம். ‘எதிர்காலத்துக்கு உறுதி கொடுங்கள், இல்லை வேறு அணிக்கு அனுப்புங்கள்’ என்று பயிற்சி முகாமுக்கே வராமல் இருந்தார். சம்பளம் பத்தாது என்பதல்ல அவர் பயம். ஆடும்போது கால் முறிந்தால் அடுத்த ஒப்பந்தம் என்ன ஆகும் என்பதுதான். உறுதி கிடைக்காமலேயே சீசன் தொடங்கும்போது வந்து சேர்ந்தார்.

செப்டம்பர் 30. சீசனின் நான்காவது மேட்ச், அரிசோனாவில். கால் முறிந்தது. வண்டியில் தூக்கிப் போகும்போது எதிரணியை அல்ல, தன் அணி உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார்.

அநாகரிகம் என்று பலர் திட்டினார்கள். அந்தச் செய்கையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று புரியாதவர்கள் நம் வாசகர்களில் இருக்க மாட்டீர்கள். அவர் அதிர்ஷ்டசாலி, அடுத்த வருடம் பால்டிமோர் அணி நல்ல ஒப்பந்தம் கொடுத்தது. எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

கியாரண்டி எழுதி வாங்கியவருக்கு என்ன நடக்கிறது என்றும் பார்த்துவிடுவோம். வாஷிங்டன் அணியின் அலெக்ஸ் ஸ்மித்துக்கு 2018 நவம்பரில் காலின் இரண்டு எலும்புகளும் முறிந்தன. பிறகு கிருமித் தொற்று. காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்ற நிலை வரை போனது. 17 அறுவைச் சிகிச்சைகள். ஆனால் அவருடைய 9 கோடியே 40 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் 7 கோடியே 10 லட்சம் வரை காயத்துக்கு எதிரான கியாரண்டி இருந்தது. இரண்டு வருடம் பொறுமையாகத் தேறி, 2020 அக்டோபரில் திரும்ப ஆடினார். கையில் சம்பளம் இருந்ததால்தான் உடம்புக்கு அவகாசம் கொடுக்க முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் ரையன் ஷேஷியர் 2017 டிசம்பரில் முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால் அசையாமல் விழுந்தார். இனி ஆடுவது கஷ்டம் என்று தெரிந்தும் ஸ்டீலர்ஸ் நிர்வாகம் 2018, 2019 இரண்டு சீசனும் அவரைத் தன் கணக்கில் வைத்துக்கொண்டது. கை தட்ட வேண்டிய செயல். ஆனால் நல்ல முதலாளி வாய்த்தால்தான் பிழைப்பு என்பது ஒரு ஏற்பாடு ஆகுமா?

அணிகளின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. சம்பளத்துக்கு ஒவ்வொரு அணியும் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று லீக் வரம்பு வைத்திருக்கிறது. 2023-ல் அது 22 கோடியே 48 லட்சம் டாலர். படுக்கையில் இருப்பவரின் சம்பளமும் அதில் சேரும். அவர் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கக் கையில் குறைவாகவே இருக்கும். உண்மைதான். ஆனால் வரம்பை வகுத்தவர்கள் அதே மேஜையில் உட்கார்ந்திருப்பவர்கள்தானே? அடிபட்டவரின் சம்பளத்தைக் கணக்கிலிருந்து விலக்கிவிட யார் தடுத்தார்கள்? 2021-ல் இந்த லீக் கையெழுத்திட்ட டி.வி. ஒப்பந்தங்களின் மதிப்பு 11 வருடத்துக்குச் சுமார் 11,000 கோடி டாலர். ஹாம்லின் போன்ற ஒரு பையனின் ஸ்ப்ளிட் வித்தியாசம் ஒரு முழு வருடத்துக்குமே 3,70,000 டாலர்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்டால், ஃபுளோரிடாவைப் பாருங்கள். மூன்று அணிகள் உள்ள மாநிலம். அங்கே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொழில்முறை விளையாட்டு வீரர்களைத் தன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மைதானத்தில் புல் வெட்டுகிறவருக்கு உள்ள பாதுகாப்பு, அதே புல்லில் விழுந்து கால் முறிகிறவருக்கு இல்லை.

நாம் பார்க்கும் கால்பந்தில் நிலைமை எவ்வளவோ மேல். இங்கிலாந்து பிரீமியர் லீகின் மாதிரி ஒப்பந்தப்படி, ஆடும்போது அடிபட்டவருக்கு முதல் 18 மாதம் அடிப்படைச் சம்பளம் முழுவதும் உண்டு. அங்கே எந்த கிளப்பும் அதனால் மூடிப்போகவில்லை.

இதை நாம் மாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிற வாசகர்கள் பலர் இந்த ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்க்கிறீர்கள். லீகின் பணம் பார்க்கிறவர்களிடமிருந்துதான் வருகிறது. அடுத்த முறை வீட்டில் ஒரு பெரிய ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், எத்தனை கோடி என்று கேட்பதோடு விடாமல், அதில் காயத்துக்கு எவ்வளவு கியாரண்டி என்றும் கேளுங்கள். ரசிகர்கள் கேட்கத் தொடங்கினால் நிருபர்கள் எழுதத் தொடங்குவார்கள்.

லீக்கும் சங்கமும் செய்துகொண்ட இப்போதைய கூட்டு ஒப்பந்தத்தை 2020 மார்ச்சில் வீரர்கள் 1,019-க்கு 959 என்ற வாக்கில் ஏற்றார்கள். வெறும் 60 ஓட்டு வித்தியாசம். குறைந்தபட்சச் சம்பளம் உயர்ந்தது; பதிலுக்கு 17-வது மேட்ச் வந்தது. 2030 சீசன் வரை அது நடப்பில் இருக்கும். அதற்குள்ளாகவே 18-வது மேட்ச் பற்றி லீகின் தலைவர் ரோஜர் குடெல் பேசத் தொடங்கிவிட்டார். இன்னொரு மேட்ச் என்றால் இன்னொரு வாரம் அடிபடும் அபாயம். அதற்குத் தலையாட்டும் முன், ஸ்ப்ளிட் பிரிவை ஒப்பந்தங்களிலிருந்து அடியோடு எடுக்க வேண்டும் என்பதை சங்கம் முதல் நிபந்தனையாக வைக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்