பாசியின் ஈரம் காப்போம்

அமெரிக்காவின் தென் அப்பலாச்சிய மலைமுடிகளில், பாறைக்கும் அதன்மேற் படர்ந்த பாசிக்கும் இடையே குழல்வலை பின்னி வாழ்கிறது ஒரு சிலந்தி. உடலளவு ஏறத்தாழ 4 மில்லிமீட்டரே! பாசி உலர்ந்தால் அது மாயும். நீர் மிகுந்து ஊறினாலும் நிலைக்காது. அவ்வீரத்தைக் காத்து நின்றது பிரேசர் ஃபிர் மரங்களின் நிழல். ஐரோப்பாவினின்று வந்தேறிய, மரச்சாறு உறிஞ்சும் நுண்பூச்சியொன்று 1957இல் மிட்செல் மலையில் கண்டறியப்பட்டது. பின்னர் முதிர்ந்த மரங்கள் பெருவாரியாகப் பட்டுப்போயின. வெயில் பாசியைத் தீய்த்தது.

1995இல் அந்நாட்டரசு இச்சிலந்தியை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தது. சிலந்திக்கும் ஒரு சட்டமா என நகைப்பாருளர். அந்நகைப்பில் யாம் பங்குகொள்ளோம். ஆயினும் சட்டம் மனிதர் கையைத் தடுக்கும், பூச்சியைத் தடுக்குமோ? ஆங்காங்கே இளமரங்கள் மீண்டும் தழைத்துள்ளன. அவை முதிர்ந்து பட்டை வெடிக்கும் பருவத்திலேதான் அப்பூச்சி மிகுதியாய்ப் பற்றும். சிலந்தியை எண்ணிக் குறிப்பதினும், அப்பருவத்தில் அம்மரங்களைக் காப்பதே முதற்பணி என்போம்.